தோற்ற கணக்கை அழிக்காத கோச்

1983 அக்டோபர் 15. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் டர்ஹம் நகரம். டியூக் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணிக்குப் புதிய சீசனின் முதல் நாள் பயிற்சி. கேமரன் உள்ளரங்கத்துக்குள் நுழைந்த பையன்கள் நிமிர்ந்து பார்த்தால், ஸ்கோர்போர்டில் விளக்கு எரிகிறது: 109 - 66.

அன்றைக்கு மேட்ச் எதுவும் கிடையாது. அது ஏழு மாதத்துக்கு முந்தைய கணக்கு. மார்ச் 11-ம் தேதி அட்லாண்டாவில் விர்ஜினியா பல்கலைக்கழகத்திடம் 43 புள்ளி வித்தியாசத்தில் வாங்கிய உதை. அதைப் போர்டில் ஏற்றி வைத்தவர் அவர்களுடைய சொந்த கோச், மைக் ஷஷெவ்ஸ்கி.

தோற்றுவிட்டு வரும் பிள்ளைகளிடம் நாம் என்ன சொல்வோம்? "விடுப்பா, அடுத்த மேட்ச்ல பாத்துக்கலாம்." தோளில் ஒரு தட்டு, கையில் ஒரு கூல்டிரிங்ஸ், அத்தோடு விஷயம் முடிந்தது. ஷஷெவ்ஸ்கி தோற்ற கணக்கைத் துடைக்காமல் பிள்ளைகள் கண்ணெதிரே மாட்டி வைத்தார். இதே மனிதர், ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது தவறு செய்யும் வீரனிடம் சொல்லிவந்த வாசகம் "அடுத்த நகர்வு" என்பதுதான். நடந்ததை அங்கேயே விட்டுவிட்டு, அடுத்து வரும் பந்தைப் பார். ஒரு பக்கம் மறக்காதே என்கிறார், இன்னொரு பக்கம் மறந்துவிடு என்கிறார். எதை எவ்வளவு நாள் நினைவில் வைப்பது, எதை அந்த நொடியிலேயே உதறுவது என்று பிரித்துக் காட்டியதுதான் இவருடைய வித்தை. கத்துக்குட்டிகளை வைத்துக்கொண்டு 42 வருடம் டியூக்கில் காலம் தள்ளியது அதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அச்சுப்பிழை அல்ல

அவர் டியூக்குக்கு வந்தது 1980 மே மாதம். வயது 33. சிகாகோவில் போலந்து வம்சாவளிக் குடும்பம். அப்பா லிஃப்ட் ஆபரேட்டர், அம்மா துப்புரவு வேலை பார்த்தவர். வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமியில் படித்து, அங்கே பாப் நைட் என்ற பேர்போன கோபக்காரரிடம் ஆடி, கேப்டனாகி, சில ஆண்டுகள் ராணுவத்தில் இருந்துவிட்டு, பிறகு அதே அகாடமிக்கு கோச்சாகத் திரும்பியவர். அங்கே கடைசி சீசனில் அவர் அணி ஜெயித்தது 9, தோற்றது 17. இப்படிப்பட்ட மார்க் ஷீட்டோடு வந்தவரைத்தான் டியூக்கின் விளையாட்டுத் துறைத் தலைவர் டாம் பட்டர்ஸ் தேர்ந்தெடுத்தார். எழுத்துக்கூட்டிப் படிக்கவே மூச்சு வாங்கும் அந்தப் பெயரைத் தலைப்பில் போட்டு, 'இது அச்சுப்பிழை அல்ல' என்று கேலி செய்தது மாணவர் நாளிதழ். பின்னாளில் ஊரே 'கோச் கே' என்று சுருக்கிக்கொண்டது. நாமும் அப்படியே அழைப்போம்.

முதல் வருடம் 17 வெற்றி, 13 தோல்வி. இரண்டாவது வருடம் 10-க்கு 17. மூன்றாவது வருடம் 11-க்கு 17.

வேறு ஊராக இருந்தால் பொறுத்திருப்பார்கள். டர்ஹமில் அது நடக்காது. பக்கத்து ஊரான சாப்பல் ஹில்லில் வட கரோலினா பல்கலைக்கழகம். டீன் ஸ்மித் என்ற ஜாம்பவான், மைக்கேல் ஜோர்டான் என்ற முதலாமாண்டு மாணவனையும் வைத்துக்கொண்டு 1982-ல் தேசியக் கோப்பையைத் தூக்கினார். இந்தப் பக்கம் ராலேயில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம். அங்கே கோச் கே-யைப் போலவே 1980-ல் வேலைக்குச் சேர்ந்த ஜிம் வால்வானோ, மறு வருடம் 1983-ல் அதே கோப்பையைத் தூக்கினார். இரு பக்கமும் பட்டாசு வெடிக்க, நடுவீட்டில் இழவு விழுந்த மாதிரி டியூக். பழைய மாணவர்களும் நன்கொடையாளர்களும் சும்மா இருப்பார்களா? "ஆளை மாத்துங்க" என்று பட்டர்ஸுக்கு நெருக்கடி கொடுக்க ஆரம்பித்தார்கள்.

அந்த 1982-83 சீசனில் அணியில் யார் இருந்தார்கள் என்று பார்க்க வேண்டும். ஜானி டாக்கின்ஸ், மார்க் அலாரி, ஜே பிலஸ், டேவிட் ஹென்டர்சன் என்று பள்ளி முடித்து அப்போதுதான் வந்திருந்த பையன்கள். முதலாமாண்டு மாணவர்களை நம்பித்தான் வண்டி ஓடியது. சொந்த அரங்கத்திலேயே வாக்னர் என்ற சின்னக் கல்லூரியிடம் தோற்றார்கள். சீசனின் முடிவில் அட்லாண்டா. எதிரே விர்ஜினியாவின் ரால்ஃப் சாம்ப்சன், உயரம் 7 அடி 4 அங்குலம், நான்காமாண்டு. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்கள் என்ன செய்வார்கள்? 109 - 66.

அன்றிரவு டென்னீஸ் உணவகத்தில் கோச்சும் உதவியாளர்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கோப்பையை உயர்த்தி, இந்த ராத்திரியை மறப்பதற்காக என்றாராம். கோச் கே தன் கோப்பையை உயர்த்தி, இந்த ராத்திரியை ஒருநாளும் மறக்காமல் இருப்பதற்காக என்று திருத்தினாராம். நடுவில் அச்சில் ஏற்ற முடியாத ஒரு சொல்லும் உண்டு என்பார்கள். டியூக்கில் ஆளாளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிப்போன கதை இது.

ஆளுக்கு ஆள் காவல்

அந்தத் தோல்விகளுக்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் இருந்தது. பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இதுதான் கதையின் மையமாகப் படுகிறது.

கூடைப்பந்தில் தடுப்பாட்டம் பெரும்பாலும் இரண்டு வகை. 'மேன்-டு-மேன்' என்றால் ஆளுக்கு ஆள் காவல். உன் பொறுப்பில் இருப்பவன் எங்கே போனாலும் நிழல்போல நீயும் போக வேண்டும். 'சோன்' என்றால் இடத்துக்குக் காவல். உன் கட்டத்துக்குள் யார் வந்தாலும் அவனைத் தடு, மற்றது உன் கவலை இல்லை. வேகம் குறைந்தவனை, அனுபவம் இல்லாதவனை ஒளித்துவைக்க சோன் வசதி. மேன்-டு-மேனில் ஒளிய இடமே கிடையாது. எவன் பலவீனமானவன் என்று எதிரணி கண்டுபிடித்துவிட்டால், திரும்பத் திரும்ப அவனை நோக்கியே பந்து போகும்.

கோச் கே-யின் ஆட்டம் மேன்-டு-மேனிலும் கறாரான வகை. எதிராளிக்குப் பந்து வரும் பாதையிலேயே கையை நீட்டி மறித்து நிற்க வேண்டும். புதுப் பையன் என்ன செய்வான்? பந்து எங்கே போகிறது என்று ஒரு விநாடி தலையைத் திருப்புவான். அந்த ஒரு விநாடியில் அவன் பொறுப்பில் இருந்தவன் முதுகுக்குப் பின்னால் நழுவி, கூடைக்கு அடியில் போய் நிற்பான். இரண்டு புள்ளி போச்சு. இதைவிடப் பெரிய கோளாறு, புதுப் பையன்கள் பேசமாட்டார்கள். இந்த ஆட்டத்தில் ஐந்து பேரும் ஓயாமல் சத்தம் போட வேண்டும். 'உன் இடது பக்கம் ஒருத்தன் மறிக்க வர்றான்', 'நான் பாத்துக்கறேன், நீ அவனைப் பிடி' என்று. தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில் முதலாமாண்டுப் பையன் வாயை மூடிக்கொள்வான். ஒருவன் மௌனமானால் நாலு பேருடைய உழைப்பு வீண்.

சோனுக்கு மாறியிருந்தால் அந்த வருடம் இன்னும் நாலைந்து மேட்ச் ஜெயித்திருக்கலாம். வெளியில் இருந்தவர்கள் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். கோச் கே மாறவில்லை. வேலையே போகும் நிலையில் இருந்தவர் நாலு வெற்றியை வேண்டாம் என்று தள்ளியது பிடிவாதமா, தொலைநோக்கா என்று அன்றைக்கு யாரால் சொல்லியிருக்க முடியும்? பையன்கள் நான்கு வருடம் இங்கே இருக்கப்போகிறார்கள், கஷ்டமான பாடத்தை முதல் வருடமே படித்துவிடட்டும் என்பது அவருடைய கணக்காக இருந்திருக்க வேண்டும். அந்தக் காலத்துக் கல்லூரி கூடைப்பந்தில் அப்படிக் கணக்குப் போட முடிந்தது.

தன் பாடத்தை அவர் பிற்காலத்தில் ஐந்து விரலில் அடக்கிச் சொன்னார்: பேச்சு, நம்பிக்கை, கூட்டுப் பொறுப்பு, அக்கறை, பெருமிதம். தனித்தனி விரலால் அடித்தால் வலிக்காது, ஐந்தும் மடங்கினால் முஷ்டி. மேலாண்மைக் கருத்தரங்குகளில் இன்று இதைக் காசு வாங்கிக்கொண்டு சொல்லித் தருகிறார்கள். ஆனால், பட்டியலில் முதல் விரல் ஏன் 'பேச்சு' என்பது அந்த 1983 பையன்களைப் பார்த்தால்தான் புரியும்.

கையெழுத்து

1983 இலையுதிர்காலத்தில் டாமி அமேக்கர் என்ற பாயின்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவர், வந்து சேர்ந்தார். பந்தைக் கொண்டுபோகும் சுமை டாக்கின்ஸின் தோளிலிருந்து இறங்கியது. முந்தைய வருடம் அடி வாங்கிய பையன்கள் இரண்டாமாண்டுக்கு வந்திருந்தார்கள். சீசன் பிரமாதமாகத் தொடங்கியது. ஜனவரியில் மறுபடி தொடர் தோல்விகள். 'பழைய குருடி கதவைத் திறடி' என்று எல்லோரும் முடிவு கட்டிய நேரத்தில், பட்டர்ஸ் கோச்சைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். சீட்டு கிழிகிறது என்று எவனும் நினைத்திருப்பான். பட்டர்ஸ் நீட்டியது புதிய ஒப்பந்தம், ஐந்தாண்டுக்கு. நீ எவ்வளவு நல்ல கோச் என்று ஜனங்களுக்கும் தெரியவில்லை, பத்திரிகைக்காரர்களுக்கும் தெரியவில்லை, உனக்கே தெரியுமா என்று சந்தேகமாக இருக்கிறது என்கிற தோரணையில் அவர் பேசியதாகச் சொல்வார்கள்.

அந்த சீசன் 24 வெற்றி, 10 தோல்வி என்று முடிந்தது. மார்ச்சில், ஜோர்டான் ஆடிய வட கரோலினாவை 77-75 என்று வீழ்த்தினார்கள். விர்ஜினியாவோடு அடுத்தடுத்து மோதிய 16 முறையும் டியூக்தான் ஜெயித்தது. 1986-ல் அதே டாக்கின்ஸ், அலாரி, பிலஸ், ஹென்டர்சன் நான்காமாண்டு மாணவர்களாக அணியைத் தேசிய இறுதிப் போட்டிவரை கொண்டுபோனார்கள். 37 வெற்றி, 3 தோல்வி. அந்த மூன்றாவது தோல்வி இறுதிப் போட்டியிலேயே, லூயிவில்லிடம் 72-69. 25 புள்ளி எடுத்து அவர்களை வீழ்த்திய பெர்விஸ் எல்லிசன் யார் தெரியுமா? ஒரு முதலாமாண்டு மாணவர்! விதிக்குக் குசும்பு அதிகம்.

அதே 1986-ல்தான் டிக்கெட்டுக்காக அரங்கத்துக்கு வெளியே மாணவர்கள் கூடாரம் போட்டுப் படுக்கும் வழக்கம் தொடங்கியது. அந்தப் புல்வெளிக்கு அவர்கள் வைத்த பெயர் ஷஷெவ்ஸ்கிவில். மூன்று வருடத்துக்கு முன்பு துரத்தப் பார்த்தவரின் பெயர்!

முகத்துக்கு ஒரு வீடியோ

எல்லாத் தோல்விக்கும் ஸ்கோர்போர்டு வைத்தியம் பலிக்காது. 1990 இறுதிப் போட்டியில் லாஸ் வேகஸின் நெவாடா பல்கலைக்கழகத்திடம் டியூக் 103-73 என்று தோற்றது. தேசிய இறுதிப் போட்டி வரலாற்றிலேயே மிகப் பெரிய வித்தியாசம். டியூக்கின் பாயின்ட் கார்டு பாபி ஹர்லி, முதலாமாண்டு. அன்று வயிற்றுக் கோளாறு வேறு. ஹர்லியின் பிரச்சினை வயிறு மட்டுமல்ல, முகம். தப்பு நடந்தால் உதட்டைப் பிதுக்குவார், நடுவரைப் பார்த்துக் கையை விரிப்பார், தோள் தொங்கிவிடும். பந்தைக் கையில் வைத்திருப்பவன் முகம் செத்தால் மற்ற நாலு பேரும் செத்த மாதிரி.

கோச் கே என்ன செய்தார் என்றால், ஆட்ட வீடியோக்களிலிருந்து ஹர்லியின் முகத்தை மட்டும் வெட்டி ஒட்டி ஒரு டேப் தயாரித்து, அவரை உட்காரவைத்துப் போட்டுக் காட்டினார். பந்து எங்கே போனது, எத்தனை புள்ளி என்பதெல்லாம் அதில் கிடையாது. சிணுங்கல், எரிச்சல், முறைப்பு, பிதுங்கிய உதடு, அவ்வளவுதான். சக வீரன் உன்னைத் திரும்பிப் பார்க்கும்போது இதைத்தான் பார்க்கிறான் என்பது செய்தி. எனக்குத் தெரிந்து ஒரு இளம் வீரனுக்குக் கொடுத்த மிகக் கொடுமையான, மிக அன்பான பாடம் இதுதான்.

மறு வருடம், 1991 அரையிறுதி. எதிரே அதே லாஸ் வேகஸ் அணி. தொடர்ந்து 45 ஆட்டம் தோற்காமல் வந்திருந்தது. இரண்டரை நிமிடத்துக்கும் குறைவான நேரம் இருக்கையில் டியூக் 76-71 என்று பின்தங்கியிருந்தது. ஹர்லி தயங்காமல் ஒரு மூன்று புள்ளிப் பந்தைப் போட்டார். முகத்தில் சலனமே இல்லை. 79-77. இரண்டு நாள் கழித்து கான்சஸையும் வீழ்த்தி டியூக் முதன்முறையாகத் தேசியக் கோப்பையை வாங்கியது.

கோச்சும் ஒருமுறை விழுந்தார். முதுகு அறுவை சிகிச்சை முடிந்து சரியாக ஆறுவதற்குள் பயிற்சிக்கு ஓடிவந்து, 1995 ஜனவரியில் உடம்பும் மனசும் ஒன்றாகக் கையை விரிக்க, சீசன் நடுவில் விலகினார். அணி 13-18 என்று முடித்தது. ராஜினாமா செய்கிறேன் என்றவரை, பட்டர்ஸ் மறுபடியும் விடவில்லை.

67 வயதில் மாறியவர்

2006 முதல், தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.-வின் விதி மாறியது. பள்ளி முடித்த கையோடு யாரும் தொழில்முறை ஆட்டத்துக்குப் போக முடியாது, ஒரு வருடம் பொறுக்க வேண்டும் என்றானது. திறமையான பையன்கள் அந்த ஒரே ஒரு வருடம் கல்லூரியில் ஆடிவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். பழைய நான்கு வருடக் கணக்குக் காலாவதி. ஒவ்வொரு அக்டோபரிலும் புது முகங்கள், ஏப்ரலில் டாட்டா.

2014-15 அணியில் ஜலீல் ஓகஃபோர், ஜஸ்டிஸ் வின்ஸ்லோ, டைஸ் ஜோன்ஸ், கிரேசன் ஆலன் என்று நான்கு முதலாமாண்டு மாணவர்கள். கடைசி வருடத்தில் இருந்தவர் குவின் குக் ஒருவர்தான். பாயின்ட் கார்டாக இருந்த அவர், அந்த இடத்தைச் சின்னப் பையன் டைஸ் ஜோன்ஸுக்கு விட்டுக்கொடுத்துப் பக்கத்தில் நகர்ந்துகொண்டார். சீனியர் வழிவிடாவிட்டால் ஜூனியர் மீள முடியாது; குக்குக்கு இதற்காகவே தனிச் சிலை வைக்கலாம்.

ஜனவரியில் மூன்றே நாளில் இரண்டு அடி. வட கரோலினா மாநில அணியிடம் 87-75. பிறகு சொந்த அரங்கத்தில் மியாமியிடம் 90-74. கேமரனில் தொடர்ந்து 41 ஆட்டம் ஜெயித்து வந்த சாதனை உடைந்தது. எதிரணிகள் சுலபமாக உள்ளே புகுந்து அடித்தன. அதே பழைய நோய். பையன்களின் தடுப்பாட்டம் ஓட்டை.

1983-ல் மாற மறுத்தவர், இந்த முறை நாலே நாளில் மாறினார். லூயிவில்லுக்கு எதிராக, அவர்கள் ஊரிலேயே, சோன் தடுப்பாட்டத்தை இறக்கினார். வாழ்நாள் முழுக்க அபூர்வமாகவே கையில் எடுத்த ஆயுதம். 63-52 என்று ஜெயித்தார்கள். பையன்களுக்குக் கற்றுக்கொள்ள நான்கு வருடம் இல்லை என்பதை அவர் புரிந்துகொண்டார். முதல் முறை கொள்கை, இந்த முறை சந்தர்ப்பவாதமா என்று கேட்டால், இரண்டிலும் அவர் பார்த்தது ஒன்றைத்தான்: இந்தப் பையன்களுக்கு எவ்வளவு அவகாசம் இருக்கிறது?

அந்த மாதக் கடைசியில் ஒரு அனுபவ வீரரை அணியிலிருந்தே நீக்கினார். உதவித்தொகை பெறும் வீரர்கள் எட்டுப் பேர்தான் மிச்சம். இரண்டு நாள் கழித்து, அதுவரை 19 ஆட்டமும் ஜெயித்திருந்த விர்ஜினியாவை அவர்கள் ஊரிலேயே 69-63 என்று சாய்த்தார்கள்.

ஏப்ரல் 6, இறுதிப் போட்டி. எதிரே அனுபவசாலிகள் நிறைந்த விஸ்கான்சின். இரண்டாம் பாதியில் டியூக் 48-39 என்று ஒன்பது புள்ளி பின்தங்கியது. ஓகஃபோர் ஃபவுல் சிக்கலில் வெளியே உட்கார வேண்டிய நிலை. அதுவரை பெஞ்சிலேயே பெரும்பாலும் சீசனைக் கழித்த கிரேசன் ஆலன், அடுத்த எட்டுப் புள்ளியைத் தனியாளாக எடுத்தார். 68-63. அந்த 68-ல் 60 புள்ளி முதலாமாண்டு மாணவர்கள் எடுத்தவை. இரண்டாம் பாதியில் எடுத்த 37-ம் அவர்களுடையவையே.

இதைப் படித்துவிட்டு கோச் கே-யை மகானாக்கிவிட வேண்டாம். ஆடுகளத்தில் அவர் வாய் சுத்தமான வாய் இல்லை. டியூக் பணக்காரத் தனியார் பல்கலைக்கழகம். 2015-ன் 'அனுபவமில்லாத' பையன்கள் நாட்டிலேயே பொறுக்கி எடுத்த மணிகள். ஓகஃபோர் அதே வருடம் என்.பி.ஏ. தேர்வில் மூன்றாவது ஆளாகப் போனார். அப்படிப்பட்ட சரக்கு கையில் இருந்தால் யாராலும் மீள முடியும் என்று முணுமுணுப்பவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. அதனால்தான் நான் 2015 கோப்பையைவிட 1983-ஐப் பெரிதாக நினைக்கிறேன்.

2022-ல் அவர் ஓய்வுபெற்றபோது மொத்தக் கணக்கு 1,202 வெற்றி, 368 தோல்வி, ஐந்து தேசியக் கோப்பைகள். கேமரனில் கடைசி ஆட்டம் வட கரோலினாவிடம் தோல்வி. கோச் வாழ்க்கையின் கடைசி ஆட்டம், தேசிய அரையிறுதி, அதுவும் அதே வட கரோலினாவிடம், 81-77. 1983-ல் அடி வாங்கிய பையன்களில் டாக்கின்ஸும், அடுத்த சீசனில் வந்த அமேக்கரும், முகத்தை வீடியோவில் பார்த்த ஹர்லியும் பிற்காலத்தில் கல்லூரி அணிகளுக்குத் தலைமை கோச்சுகள் ஆனார்கள்.

முதல் மூன்று வருடத்தில் அவருடைய கணக்கு 38 வெற்றி, 47 தோல்வி. அதைக் கையில் வைத்துக்கொண்டு, கூச்சலுக்கு நடுவே, ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் டாம் பட்டர்ஸ். டியூக்கின் ஐந்து கோப்பைகளிலும் பாதிப் பங்கு அவருக்குத்தான் சேரவேண்டும். கல்லூரி அணிகளை நடத்துகிறவர்கள் ஷஷெவ்ஸ்கியைப் பற்றிப் படிப்பதற்கு முன்னால் பட்டர்ஸைப் பற்றிப் படிக்கட்டும்.